நிவாரணப் பணம் கணக்கு எழுதி வைத்திருந்தவர்களிடம்தான் போய்ச் சேர்ந்தது

கலிஃபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில் மெர்செட் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) என்று ஒன்று இருக்கிறது. யோசெமிட்டி பார்க்கப் போகும் நம்மவர்கள் வழியில் பெட்ரோல் போட நிறுத்தியிருப்பார்கள், ஊர் பெயர் ஞாபகம் இருக்காது. இங்கே நான் சிறு பண்ணைகளுக்குக் கணக்கு எழுதி, வருமான வரி தாக்கல் செய்து கொடுக்கிறேன். பாதாம் தோப்பு வைத்திருக்கும் பஞ்சாபிகள், அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த போர்ச்சுகீசியக் குடும்பங்களின் பால் பண்ணைகள், லிவிங்ஸ்டன் பக்கம் சர்க்கரைவள்ளி போடுகிறவர்கள், லாவோஸிலிருந்து அகதிகளாக வந்து ஐந்து பத்து ஏக்கர் குத்தகைக்குப் பிடித்துக் காய்கறி போடும் மோங் மக்கள் என்று எல்லாரும் என் மேஜைக்கு வருகிறவர்கள்தான். 2020லும் 2021லும் கொரோனா நிவாரணம் என்று அரசு கொடுத்த பணம் இவர்களில் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, ஏன் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அமெரிக்காவில் நிலம் வாங்கி விவசாயம் பார்க்க நினைக்கும் தமிழர்கள் இப்போது நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள், அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். அடுத்து வறட்சி வந்தாலும் வெள்ளம் வந்தாலும் பறவைக் காய்ச்சல் வந்தாலும் இந்தப் பணத்தைக் கொடுத்த அதே வேளாண் துறை அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும், இதே படிவங்களைத்தான் நிரப்ப வேண்டும்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடமும் ஹோட்டலும் ஒரே வாரத்தில் மூடின. கடையில் பால் கிடைக்காமல் ஜனங்கள் அலைந்தார்கள், இங்கே பண்ணையில் கறந்த பாலைக் கொட்டினார்கள். ரெண்டும் உண்மை. ஹோட்டலுக்கும் பள்ளிக்கும் போகும் பால் ஒரு வகை ஆலையில், ஒரு வகை பையில் அடைபடுகிறது, அதை ஒரே நாளில் வீட்டு உபயோகத்துக்கான கேனுக்கு மாற்ற முடியாது, மாடு அதற்காகக் காத்திருக்காது. சீஸ் செய்யப் போகும் பாலுக்கு அரசு அறிவிக்கும் மாத விலை (மூன்றாம் வகுப்பு விலை என்பார்கள்) மே மாதம் 100 பவுண்டுக்கு 12.14 டாலர் வரை விழுந்தது. அதே விலை ஜூலையில் 24.54 டாலர். ரெண்டே மாதத்தில் ரெண்டு மடங்கு. தீவனக்காரருக்கு மாதா மாதம் பணம் கட்ட வேண்டிய ஒருவர் இந்த ஊசலில் எப்படித் தாக்குப்பிடிப்பார்?

ஏப்ரல் 17 அன்று அப்போதைய வேளாண் துறைச் செயலர் சானி பெர்டூ 1900 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தார். அதில் 300 கோடிக்கு அரசே பாலும் காய்கறியும் இறைச்சியும் வாங்கிப் பெட்டி போட்டு உணவு வங்கிகள் மூலம் கொடுப்பது, மீதி 1600 கோடி விவசாயிகளுக்கு நேரடியாக. இந்த நேரடிப் பணத்துக்குத்தான் சிஎஃப்ஏபி (கொரோனா வைரஸ் உணவு உதவித் திட்டம்) என்று பெயர். மே 26 விண்ணப்பம் தொடங்கியது. ஆகஸ்ட் 28 கடைசி நாள் என்றார்கள், அப்புறம் செப்டம்பர் 11 வரை நீட்டினார்கள்.

விண்ணப்பம் போவது எஃப்எஸ்ஏ என்று எல்லாரும் சொல்லும் வேளாண் துறையின் கவுண்டி அலுவலகத்துக்கு. நம் ஊர் தாலுகா ஆபீசையும் வேளாண் விரிவாக்க மையத்தையும் ஒன்றாகச் சேர்த்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளமும் கோதுமையும் போடும் மத்திய மாநிலங்களில் விவசாயிகள் இந்த அலுவலகத்துக்கு வருடா வருடம் போய் வருகிறவர்கள், அவர்கள் பெயர், நிலம், வங்கிக் கணக்கு எல்லாம் ஏற்கெனவே அங்கே பதிவில் இருக்கும். கலிஃபோர்னியாவில் அப்படி இல்லை. இங்கே காய்கறி, பழம், பாதாம் போடுகிறவர்கள் பலர் அரசு மானியத்தையே பார்த்ததில்லை, அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தெரியாது. விண்ணப்பம் (ஏடி-3114) என்னவோ ஒன்றுதான், ஆனால் அவர்கள் அதற்கு முன்னால் போட வேண்டியவை வரிசையாக நின்றன: வாடிக்கையாளர் விவரத் தாள், பண்ணையை யார் எப்படி நடத்துகிறார் என்று சொல்லும் சிசிசி-902, வருமான வரம்புக்கான சிசிசி-941, மண் அரிப்பு மற்றும் சதுப்பு நில விதிகளுக்கான ஏடி-1026, பணம் நேராக வங்கியில் விழுவதற்கான படிவம். அலுவலகக் கதவு பூட்டியிருந்த காலம் அது. எல்லாம் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் மின்கையெழுத்திலும் நடந்தன. அந்த ஊழியர்கள் வீட்டிலிருந்தபடி எவ்வளவு பேருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு நன்றி சொல்லாமல் இதை எழுத முடியாது. திட்டத்தை வரைந்தவர்களிடம்தான் எனக்கு வருத்தம்.

பால் பண்ணைகளுக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. காரணம், பாலை வாங்கும் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் எத்தனை பவுண்டு என்று அச்சடித்த சீட்டு கொடுக்கிறது. 2020 ஜனவரி முதல் மார்ச் வரை கறந்த பாலுக்கு 100 பவுண்டுக்கு ஏறக்குறைய 6.20 டாலர், கொட்டிய பாலும் கணக்கில் சேரும். 300 மாடு, ஒரு மாடு மூன்று மாதத்தில் 6,000 பவுண்டு என்று வைத்தால் 1,11,600 டாலர் வருகிறது. முதலில் 80 சதவீதம் கொடுத்தார்கள், மீதி 20 ஆகஸ்டில் வந்தது. பலர் விட்டுவிட்டது ஒன்று உண்டு: ஜனவரி 15க்கும் ஏப்ரல் 15க்கும் நடுவில் கறவை ஓய்ந்து கறிக்கு விற்ற மாடுகள். அவற்றுக்குத் தலைக்கு 92 டாலர் தனியாக உண்டு. பால் பண்ணைக்காரர் தன்னைப் பால்காரராகத்தான் நினைக்கிறாரே தவிர மாடு விற்பவராக நினைப்பதில்லை, அதனால் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். ஏலச் சந்தை ரசீதுகளைத் தேடி எடுக்கச் சொன்னேன், கிடைத்தவர்களுக்கு அதுவும் ஒரு நல்ல தொகை. ஆக, எந்த நிவாரணப் படிவம் வந்தாலும் முக்கியப் பயிருக்கான கட்டத்தோடு நிறுத்தாதீர்கள், பண்ணையிலிருந்து அந்தக் காலத்தில் வெளியே போன ஒவ்வொன்றையும் எழுதிப் பாருங்கள்.

ஒரு நபருக்கோ நிறுவனத்துக்கோ 2,50,000 டாலர் உச்சவரம்பு இருந்தது. 1,000 மாடு இருந்தால் கணக்கு 3,72,000 வரை போகும், அப்போது வரம்பு இடிக்கும். ஆனால் பண்ணை ஒரு கம்பெனியாக இருந்து, அதில் மூன்று பங்குதாரர்கள் தலைக்கு 400 மணி நேரமாவது பண்ணையில் உழைத்தோ நிர்வகித்தோ இருந்தால், வரம்பு 7,50,000 வரை உயரும். அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்து நடத்தும் பண்ணையில் பத்திரத்தில் அப்பா பெயர் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இது சட்ட ஆலோசனை இல்லை, ஆனால் பண்ணையை எந்தப் பெயரில், எந்த அமைப்பில் வைப்பது என்பதை நல்ல காலத்திலேயே வக்கீலோடும் கணக்காளரோடும் உட்கார்ந்து பேசுங்கள். கூட்டாக இருந்தால் ஒவ்வொரு பங்குதாரரும் வருமான வரம்புப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு அக்கா கையெழுத்துப் போடத் தாமதித்ததால் முழுக் குடும்பமும் காத்திருந்ததைப் பார்த்தேன்.

இப்போது காய்கறிக்காரர்கள். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் சுற்றில் காய்கறிக்கும் பழத்துக்கும் கணக்கிட்ட காலம் ஜனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை. மெர்செட்டில் கத்திரிக்காய், பாகற்காய், நீளக் காராமணி, எலுமிச்சைப் புல் எல்லாம் கோடையில் வருபவை. ஏப்ரலில் நிலம் உழுதுகொண்டிருப்பார்கள். விற்றது ஒன்றுமில்லை, அழுகியதும் ஒன்றுமில்லை, ஆக நஷ்டமும் இல்லை என்று படிவம் சொன்னது! ஆனால் அவர்கள் காயை வாங்கும் ஹோட்டல்கள் மூடிக் கிடந்தன, வாரச் சந்தைகளில் கூட்டம் இல்லை, கோடை முழுக்க அடி வாங்கினார்கள். நாம் ஆசையாக வாங்கிச் சமைக்கும் பாகற்காயை விளைவிக்கிறவர்கள் இவர்கள். இவர்களுக்கு முதல் சுற்றில் அநேகமாக ஒன்றுமே வரவில்லை.

செப்டம்பர் 21 அன்று இரண்டாம் சுற்று திறந்தது, டிசம்பர் 11 வரை. இதில் 230க்கும் மேற்பட்ட காய்கறி, பழ, தோட்டப் பயிர்கள் சேர்ந்தன, கணக்கும் மாறியது. 2019ல் மொத்தம் எவ்வளவுக்கு விற்றீர்கள், அதில் ஒரு சதவீதம். முதல் 49,999 டாலருக்கு 10.6 சதவீதம், அடுத்து 99,999 வரை 9.9, பிறகு 4,99,999 வரை 9.7, பத்து லட்சத்துக்குள் 9, அதற்கு மேல் 8.8. வருமான வரி அடுக்கு போலப் படிப்படியாகப் போகும். 80,000 டாலருக்கு விற்றவருக்குச் சுமார் 8,270 டாலர். இருபது லட்சம் டாலருக்கு விற்றவருக்கு 1,82,000. நஷ்டம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை, விற்பனை எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். பெரியவருக்குப் பெரிய தொகை, சிறியவருக்குச் சிறிய தொகை. நியாயமா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனாலும் ஐந்து ஏக்கர்க்காரருக்கு 8,000 டாலர் என்பது அடுத்த வருட விதை, சொட்டுநீர்க் குழாய், குத்தகைப் பணம் எல்லாம்தான்.

சரி, 2019ல் எவ்வளவு விற்றீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? இங்கேதான் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். சாலையோரக் கொட்டகையில் ஸ்ட்ராபெர்ரி விற்பவர் ரொக்கம்தான் வாங்குகிறார். மொழி தெரியாத அம்மா, பள்ளிக்கூடம் போகும் மகள் மொழிபெயர்க்கிறாள், அந்தப் பிள்ளைக்கு ஷெடியூல் எஃப் (வருமான வரித் தாக்கலில் பண்ணையின் வரவு செலவைக் காட்டும் படிவம்) என்றால் என்னவென்று தெரியாது. திட்டம் சுய உறுதிமொழி அடிப்படையில்தான் நடந்தது, விண்ணப்பிக்கும்போதே ரசீது காட்ட வேண்டியதில்லை. ஆனால் பின்னால் சோதனைக்கு அழைத்தால் காட்ட வேண்டும், காட்ட முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். பயந்து பலர் விண்ணப்பிக்கவே இல்லை.

நாங்கள் ஆதாரம் தேடிய இடங்களைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். கலிஃபோர்னியாவில் சான்று பெற்ற உழவர் சந்தையில் விற்க வேண்டும் என்றால் கவுண்டி வேளாண் ஆணையரிடம் உற்பத்தியாளர் சான்றிதழ் எடுக்க வேண்டும், அதில் எந்தப் பயிர், எவ்வளவு பரப்பு என்று இருக்கும். சந்தைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் என்னென்ன கொண்டுவந்தோம் என்று சரக்குப் பட்டியல் எழுதிக் கொடுக்கிறோம், அந்தப் பட்டியல்கள் சந்தை மேலாளரிடம் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். சில சந்தைகளில் கடை வாடகையே விற்பனையில் இத்தனை சதவீதம் என்று இருக்கும், அப்படியானால் வாடகை ரசீதிலிருந்து விற்பனையைத் திரும்பக் கணக்கிட்டுவிடலாம். கமிஷன் மண்டிக்குப் போட்டவர்களுக்கு மண்டிச் சீட்டு. வங்கியில் வாரா வாரம் போட்ட ரொக்கம். விதைக்கடை பில். எல்லாவற்றுக்கும் மேலே 2019 வருமான வரித் தாக்கலின் ஷெடியூல் எஃப். வரியைக் குறைப்பதற்காக விற்பனையைக் குறைத்துக் காட்டியவர்களுக்கு நிவாரணமும் அதே அளவு குறைந்தது. இதை நான் கண்டிப்பாகவே சொல்வேன்: உள்ள விற்பனையை உள்ளபடி எழுதுங்கள்.

இரண்டு விஷயத்தில் குழப்பம் வந்தது. ஒன்று, நீங்களே விளைவித்த பச்சைப் பொருளின் விற்பனைதான் சேரும். பழத்தை ஜாம் செய்து விற்றால் ஜாமின் கூடுதல் மதிப்பு சேராது, பக்கத்துப் பண்ணையில் வாங்கி விற்ற காயும் சேராது. அதனால் விற்பனையை எழுதும்போதே இவற்றைத் தனித்தனி வரியில் எழுதி வைக்க வேண்டும். இன்னொன்று, 2020ல்தான் புதிதாகத் தொடங்கியவர்கள். 2019 விற்பனை இல்லாததால் தகுதி இல்லை என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். அப்படி இல்லை, புதியவர்கள் 2020ல் விண்ணப்பிக்கும் நாள் வரை விற்றதைக் காட்டலாம் என்று விதியிலேயே இருந்தது. அக்கம்பக்கத்தில் சொன்னதை நம்பிப் பின்வாங்காமல் அலுவலகத்தைக் கேட்டுவிடுவது நல்லது, அவர்கள் இல்லை என்று சொன்னால் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

குத்தகை பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்குப் பிடித்த பகுதி. இந்தத் திட்டத்தில் பணம் நிலத்துக்காரருக்கு இல்லை, பயிரின் லாப நஷ்டத்தைச் சுமப்பவருக்கு. நிலத்தை ரொக்கக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஊரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் கிடையாது. நான் விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவள், நம் ஊர் பிஎம்-கிசான் 6,000 ரூபாய் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போகிறது, உழுகிற குத்தகைக்காரருக்குப் போவதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வகையில் இங்கே விதி சரியாக இருந்தது. ஆனால் மோங் குடும்பங்களின் குத்தகை பெரும்பாலும் வாய்மொழிதான். இன்ன நிலத்தில் இன்னார் இன்ன வருடம் பயிர் செய்தார் என்று நிலத்துக்காரர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் காகிதம் போதும். அதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பண்ணை நிவாரணத்தோடு சம்பளப் பாதுகாப்புக் கடன் என்ற பிபிபியும் இருந்தது, அது வங்கி வழியாக. 2020 ஏப்ரலில் முதல் 34,900 கோடி டாலர் இரண்டே வாரத்தில் தீர்ந்தது. கூலியாள் வைக்காமல் குடும்பமே உழைக்கும் பண்ணைக்கு ஷெடியூல் எஃப்பில் நிகர லாபத்தை வைத்துக் கடன் அளந்தார்கள். டிராக்டர் வாங்கிய வருடம் தேய்மானம் கழித்தால் லாபம் பூஜ்யம், கடனும் பூஜ்யம். ஒரு பெரிய வங்கி எங்கள் ஆட்கள் சிலரை இதைச் சொல்லியே திருப்பி அனுப்பியது. டிசம்பர் 27 அன்று கையெழுத்தான சட்டம் இதை மாற்றி, மொத்த வருமானத்தை (ஷெடியூல் எஃப்பில் ஒன்பதாவது வரிசை) ஒரு லட்சம் டாலர் வரை எடுத்துக்கொள்ளலாம் என்றது, அதிகபட்சக் கடன் 20,833 டாலர், விதிப்படி செலவழித்தால் தள்ளுபடி. முன்பு இல்லை என்ற பதிலைக் கேட்டவர்கள் பலர் மறுபடி போகவே இல்லை! அவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னோம். சிறு கடன் சங்கங்களும் சமூக வளர்ச்சி நிதி நிறுவனங்களும் இவர்களை மதித்துப் பேசின. ஒரு திட்டத்தில் தகுதி இல்லை என்று பதில் வந்தால் அந்தத் தேதியை எழுதி வைத்து, விதி மாறியதா என்று சில மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். சிஎஃப்ஏபி இரண்டாம் சுற்றுமே 2021 ஏப்ரல் 5 அன்று மறுபடி திறந்து அக்டோபர் 12 வரை இருந்தது, தவறவிட்ட காய்கறிக்காரர்கள் சிலருக்கு அப்போதுதான் முதல் காசோலை வந்தது.

கடன் தள்ளுபடி கதை வேறு. 2021 மார்ச்சில் நிறைவேறிய சட்டத்தில், இன அடிப்படையில் பாகுபாட்டுக்கு ஆளான சமூகத்து விவசாயிகளின் அரசுக் கடனுக்கு 120 சதவீதம் வரை கட்டிவிடுகிறோம் என்று இருந்தது. ஆசியர்களும் இதில் வருவார்கள். பஞ்சாபிகள், மோங் மக்கள் வீடுகளில் பெரிய நம்பிக்கை. ஜூன் மாதமே நீதிமன்றங்கள் நிறுத்திவிட்டன, 2022 ஆகஸ்டில் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள். கடன் தீரப் போகிறது என்று நம்பி புது டிராக்டருக்குக் கையெழுத்துப் போட்ட குடும்பத்தின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கணக்கில் விழாத பணத்தை வைத்து எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வந்த பணத்துக்கும் வரி உண்டு. பிபிபி தள்ளுபடிக்கு மத்திய வருமான வரி இல்லை, ஆனால் சிஎஃப்ஏபி முழுக்க வருமானம், சுயதொழில் வரியும் சேரும். ஜனவரியில் அந்தப் பணத்தைக் காட்டும் 1099-ஜி என்று ஒரு தாள் வரும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பணம் கைக்கு வந்த வருடத்தின் கணக்கில் அது வரும். ஒரே வருடத்தில் இரண்டு சுற்றும் வந்து, பால் விலையும் ஏறிய பண்ணைகளுக்கு 2020ன் வரி எதிர்பாராத அளவு ஏறியது. வந்த அன்றே நாலில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொன்னேன், கேட்டவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

பயிரை அறுத்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட மனசில்லை. 2020ல் அரசு பண்ணைகளுக்கு நேரடியாகக் கொடுத்தது எல்லாத் திட்டமும் சேர்த்துச் சுமார் 4,600 கோடி டாலர். முகக்கவசம்கூடச் சரியாகக் கிடைக்காத காலத்தில் வேலைக்கு வந்த கூலித் தொழிலாளிகளுக்கு வேளாண் துறையின் தனி நிவாரணம் தலைக்கு 600 டாலர், அதுவும் அறக்கட்டளைகள், தொழிலாளர் அமைப்புகள் வழியாக 2022 கடைசிக்கு மேல்தான் போய்ச் சேர ஆரம்பித்தது. அதற்கும் அந்தக் காலத்தில் பண்ணையில் வேலை செய்ததற்கான ஆதாரம் கேட்டார்கள். ரொக்கமாகக் கூலி கொடுத்துச் சீட்டு தராத பண்ணைகளில் வேலை செய்தவர்களிடம் என்ன ஆதாரம் இருக்கும்? நீங்கள் ஆள் வைத்து வேலை வாங்குகிறவராக இருந்தால், சம்பளச் சீட்டு கொடுங்கள். அது அவர்களுக்குச் சேர வேண்டிய பணம்.

பிறகு சோதனையும் வந்தது. நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2022ல், இந்தப் பணத்தை வேளாண் துறை இன்னும் கறாராகச் சரிபார்த்திருக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. சோதனைக் கடிதம் வந்த எங்கள் பண்ணைக்காரர்களிடம் விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு காகிதம் இருந்தது, ஏனென்றால் விண்ணப்பிக்கும் அன்றே அந்தக் காகிதங்களைப் படம் எடுத்து விண்ணப்ப நகலோடு ஒரே உறையில் போட்டு வைத்தோம். மூன்று வருடமாவது அதைக் காப்பாற்ற வேண்டும். நான் ஏழு வருடம் வைக்கச் சொல்கிறேன், வரிக் கணக்குக்கும் அது உதவும்.

புதிதாகப் பண்ணை தொடங்கும் தமிழர்கள் முதலில் செய்ய வேண்டியது, நிலம் இருக்கும் கவுண்டியின் எஃப்எஸ்ஏ அலுவலகத்தில் நேரம் கேட்டுப் போய்ப் பண்ணை எண் வாங்குவது. காசு கிடையாது. அடையாள அட்டை, வரி எண், நிலப் பத்திரமோ குத்தகைக் காகிதமோ, கூட்டுப் பண்ணை என்றால் அதன் ஒப்பந்தம், இவை போதும். 902, 941, ஏடி-1026 மூன்றையும் அன்றைக்கே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். சில படிவங்களை வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கும், எது எது என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.